கல்முர்ஸாவுக்காக அழ வந்தவர்

கல்முர்ஸாவின் வீட்டுக்குள் முதல் தடவை காலெடுத்து வைத்தபோது, "என்னப்பா இது, வீடா, ஆஸ்பத்திரி வார்டா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. தரையில் கம்பளம் இல்லை. சுவரில் கம்பளி விரிப்பு இல்லை. மூலையில் அடுக்கி வைத்த மெத்தைகள் இல்லை. ஜன்னலுக்குத் திரைகூட இல்லை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு இரும்புக் கட்டில். கிர்கிஸ் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி என்றால், இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டியது போலத்தான்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சபிராக்கா, இங்க கம்பளம் இருந்தா நான் இருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணுதான்" என்றான்.

அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. அந்தக் கதையை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். பெண் வீட்டார் சீராக அனுப்பிய மெத்தைகள் கூரை வரை நின்றனவாம். எல்லாம் அசல் ஆட்டு ரோமம். ஒரு வாரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. "மெத்தையைத் திருப்பி அனுப்பிடுவோம்" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சியிருக்கிறான். மாமியார் வந்து மெத்தைகளை எண்ணி வண்டியில் ஏற்றினாள், அப்படியே பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எம் பொண்ணு தச்ச மெத்தையைத் தொட மாட்டேங்கறவன் எம் பொண்ணை எப்படித் தொடுவான் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவன் வேறு யாரையும் தேடவில்லை.

ஆஸ்துமாக்காரர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இவனுக்கு வந்தது வேறு மாதிரியான தலையெழுத்து. நரின் மலைப்பக்கம் குதிரை மேய்க்கிற குடும்பம். அப்பா மேய்ப்பர், தாத்தா மேய்ப்பர், அண்ணன் எசென்குல் மேய்ப்பர். இவனைப் பிள்ளைப் பிராயத்தில் குதிரை மேல் தூக்கி உட்கார வைத்து, ஊரே கைதட்டியது. கீழே இறக்கிவிடும்போது முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் விசில் ஊதியது. அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு 'விசில்' என்றே பெயர். குதிரைக்கு ஆகாத பிள்ளை, கம்பளிக்கு ஆகாத பிள்ளை, புளித்த குதிரைப்பால் குமிஸ் இருக்கும் தோல்பையைத் திறந்தால் தும்முகிற பிள்ளை. மலையில் அவனுக்கென்று எதுவும் மிச்சமில்லை. தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்து டிராலி பஸ் ஓட்டினான். ரோமமும் இல்லை, வாலும் இல்லை, கம்பியில் கரண்ட் வந்தால் போகும். "இதுக்கு மட்டுந்தான் என்னைப் பிடிச்சிருக்கு" என்பான்.

இதையெல்லாம்கூட அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது ஒன்றுதான். அவனுடைய அப்பாவின் சாவு.

எங்கள் ஜனங்களில் ஒருவர் இறந்துவிட்டால், துக்கத்துக்கு வருகிற ஆண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு வரக்கூடாது. வளைவு திரும்பும்போதே பெருங்குரலெடுத்துக் கதறிக்கொண்டு வரவேண்டும். பிணம் கம்பளிக் கூடாரத்துக்குள் இருக்கும். மகன்கள் இடுப்பில் கச்சை கட்டி, கையில் கோலூன்றி, கூடாரத்தின் வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் எதிர்க்குரல் கொடுத்து அழவேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் ஊர் மகனை எடை போடும். கேட்டுவிட்டு, 'பெத்ததுக்குப் பலன் இருக்கு' என்று சொல்வார்கள்.

கல்முர்ஸா வாடகைக் காரில், கணவாய் தாண்டி, முகத்தில் மாஸ்க்கோடு போய் இறங்கினான். கூடாரத்தைச் சுற்றிக் குதிரைகள் கட்டியிருந்தன. முதுகுக்குப் பின்னால் கம்பளிச் சுவர். பக்கத்தில் சடங்குக்கு ஒரு குதிரையை அறுத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புப் புகை வேறு. இவன் கச்சை கட்டினான், கோலை வாங்கினான், அண்ணன் பக்கத்தில் நின்றான். முதல் கூட்டம் வந்தது. மாஸ்க்கை இறக்கிவிட்டு வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை. விசில்தான் வந்தது. யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் நிற்கவும் முடியாமல் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தான். மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்த எசென்குல், ஊர் முன்னால், கார்க் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்: "ஆய்வு பண்ண வந்த அதிகாரி மாதிரி வந்து பாத்துட்டுப் போற. அப்பனுக்கு அழாத கல்நெஞ்சுக்காரன் எனக்குத் தம்பியில்ல."

அதோடு பேச்சு அறுந்தது. வருஷக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை. இவன் போன் பண்ணினால் அவர் எடுப்பதில்லை.

நான் இதில் எங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். நான் ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களுக்குச் சோறு போடுகிறவள். மனிதனின் மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிசாகத் தசை இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது தடித்து, கண்டதற்கெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். அந்தத் தசை செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது, திரவம் மாற்றுவது, கிருமி அண்டாமல் காப்பது என் வேலை. எங்கள் ஐஜார்கின் வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கலாமே என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்த பெண். கெட்டிக்காரி. அந்தச் செல்களுக்குள் இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைத்தான் அவள் ஆராய்ந்தாள். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் யாராவது மூச்சுக்குழாயில் ஒரு கிள்ளு தசை தருவார்களா என்று கேட்டு ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். தொண்டைக்குள் குழாய் விடுவதற்கு யார் வருவார்கள்? கல்முர்ஸா வந்தான்.

"எதுக்குய்யா வந்த?" என்றேன்.

"நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்குன்னு நீங்களாவது பாத்துச் சொல்லுங்கக்கா. கல்லுன்னு ஊர்ல சொல்றாங்க."

விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தசை கிடைத்தது, செல்கள் வளர்ந்தன. டிப்போவில் வேலை முடிந்ததும் அவன் எங்களிடம் வர ஆரம்பித்தான். கையில் ஒரு பொட்டலம் போர்சோக் இருக்கும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள். வந்ததும், "எம் பசங்க எப்படி இருக்காங்க?" என்பான். ஒரு நாள் நுண்ணோக்கியில் காட்டினேன். தசை செல்கள் நெருக்கமாக வளர்ந்தால், நீள நீளமாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, மந்தை" என்றான். "காத்து அடிக்கும்போது குதிரைங்க எல்லாம் இப்படித்தான் ஒரே பக்கமா நிக்கும். தூரத்துல கார்ல இருந்து பாத்திருக்கேன்."

டீ போட்டுக் கொடுத்தேன்.

குட்டி ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று ஐஜார்கின் அவனுக்கு விளக்கினாள். படம் போட்டாள், அம்பு போட்டாள். அவன் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு, அவள் போனதும் என்னிடம் வந்து, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றான். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். செல்லுக்குள் புரதம் செய்யச் சொல்லிச் சீட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் குட்டி ஆர்.என்.ஏ. தானாக ஒரு புரதமும் செய்யாது. ஆனால் சீட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, 'செஞ்சது போதும், நிறுத்து' என்று சொல்லும். என் மாமியார் அப்படித்தான் இருந்தார். ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டார். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் வரை அடுப்பில் எதுவும் பொங்கி வழிந்ததில்லை. கல்முர்ஸாவின் தசையில் அப்படிப்பட்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லை. இழுக்கிறதுக்கான புரதத்தைத் தசை செய்துகொண்டே இருந்தது.

"அப்போ என் நெஞ்சுல மாமியார் இல்ல" என்றான்.

"இருந்த மாமியாரும் மெத்தையோட போயிட்டாளே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்ததில் விசில் வந்து, இன்ஹேலரைத் தேடினான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த ஆர்.என்.ஏ. இருக்கிறதே, தொட்டாற்சுருங்கி. மனிதன் விரலில், எச்சிலில், அதைத் தின்றுவிடுகிற சங்கதி இருக்கிறது. வெறுங்கை பட்டால் போச்சு. செல் தட்டும் அப்படியே. திறந்த தட்டின் மேல் யாராவது பேசினால், தும்மினால், கிருமி விழுந்து இரண்டு நாளில் எல்லாம் கலங்கிவிடும். அதனால் நான் கத்திக்கொண்டே இருப்பேன். "வாயை மூடு! மூடியைப் போடு!" இயக்குநரே ஒரு தடவை தட்டின் மேல் குனிந்து நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு 'மூடி அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் எனக்குக் கேட்கும்.

பிறகு ஜெல் சோதனை வந்தது. மெத்தென்ற ஜெல்லில் தசை செல்களைக் கலந்து, தட்டின் குழிகளில் வட்ட வட்டமாக உறைய விடுவோம். ஓரத்தைச் சுற்றி விடுவித்துவிட்டால், உள்ளே இருக்கும் செல்கள் நாலா பக்கமும் இழுத்து ஜெல்லைச் சுருக்கும். ஆரோக்கியமானவர்களின் செல் கொஞ்சம் சுருக்கும். கல்முர்ஸாவின் செல், குழி நிறைய இருந்த வட்டத்தைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு இழுத்துவிட்டது.

அவன் அதைப் பார்த்தான். முகம் மாறிப்போயிற்று.

"இதுதான் அன்னிக்கு" என்றான்.

"என்னிக்கு?"

அப்போதுதான் அப்பாவின் சாவை முழுக்கச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "அண்ணன் இதைப் பாக்கணுங்க்கா. நான் சொன்னா நம்ப மாட்டார். இதைப் பாத்தா நம்புவார். அவர் ஒரு தடவை, 'சரிடா, உன்னால முடியல'ன்னு சொல்லிட்டாப் போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றான்.

அதைப் படமெடுத்துப் போனில் அனுப்பினான். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. மறுபடி வந்து, மறுபடி போனைக் காட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. "நம்பரைக் கொடு" என்று வாங்கி நானே கூப்பிட்டேன்.

"யாரு?" என்றது கரகரத்த குரல்.

"பிஷ்கெக்கிலேருந்து சபிரா பேசறேன். உங்க தம்பி கல்முர்ஸா வந்துபோற ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாக்கறேன்."

"எனக்குத் தம்பி இல்ல."

"இருக்கான். இதோ, டீயைக் கையில வெச்சுக்கிட்டு, உங்க குரல் கேக்குமான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

அந்தப் பக்கம் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பனுக்கு அழாதவனுக்குப் பேச ஆளு வேறயா?" என்றார் எசென்குல்.

"அழாம இல்ல, அழ முடியல. மூச்சே விட முடியாதவன் எப்படிய்யா ஒப்பாரி வைப்பான்? நீங்க கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கத்திப் பாருங்க, வருதான்னு பாப்போம்."

"ஊர்ல எத்தனையோ பேருக்கு இழுப்பு இருக்கு. அவங்க அழல?"

"அவங்க தசையை நான் பாக்கல. இவன் தசையைப் பாத்தேன். வந்து நீங்களும் பாருங்க."

"தட்டுல கெடக்கற சளியைப் பாக்க நான் மலையிறங்கி வரணுமா?"

"சளியில்ல, தசை! உங்க அம்மா பெத்த தசை! வந்து பாத்துட்டு, அதுக்கப்புறமும் கல்நெஞ்சுன்னு சொல்லுங்க, நானும் கூட நின்னு சொல்றேன்."

கல்முர்ஸா பதறிப்போய், மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டினான். போனுக்குள் எங்கோ ஒரு குதிரை கனைத்தது.

"மந்தையை இறக்கணும்" என்றார் அவர். "பனிக்கு முன்னாடி. அப்புறம் பாக்கலாம்." வைத்துவிட்டார்.

நான் போனை மேஜையில் பட்டென்று வைத்தேன். இவனோ முகமெல்லாம் பல்லாக இருந்தான். "குதிரை கனைச்சுதே, கேட்டீங்களா? பாக்கலாம்னுதான சொன்னார்? வர மாட்டேன்னு சொல்லலை இல்ல?"

"சொல்லல."

"சொல்லல" என்று தனக்குள்ளே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டான்.

அந்த மாதம் ஐஜார்கினுக்கு நல்ல மாதம். குறைவாக இருந்த குட்டி ஆர்.என்.ஏ.யைப் போலவே ஒன்றை வரவழைத்து, கல்முர்ஸாவின் செல்களுக்குள் செலுத்தினாள். ஜெல் சுருங்கவில்லை. அகலமாக, தளர்ந்து கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கல்முர்ஸா வந்ததும் காட்டினோம்.

"இதுவும் என்னோடதா?"

"உன்னோடதுதான்."

"இப்படிக்கூட இருக்குமா அது?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்த மருந்தை எனக்குப் போடுங்கக்கா" என்றான், குழந்தை மாதிரி.

ஐஜார்கின்தான் பதில் சொன்னாள். "மாமா, இது இப்போதைக்குத் தட்டுலதான் வேலை செய்யுது. உடம்புக்குள்ள எப்படிக் கொண்டுபோறது, வேற எங்க போய் என்ன கெடுக்கும், எதுவும் தெரியாது. ரொம்ப வருஷம் ஆகும். உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

தலையை ஆட்டினான். போர்சோக்கை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, தின்னாமல் வைத்தான். பிறகு, "பரவாயில்ல. தட்டுலயாவது அண்ணன் பாக்கட்டும், நான் இறுக்கமானவன் இல்லன்னு" என்றான்.

ஒரு சிக்கல் இருந்தது. இந்தத் தசை செல்கள் சில தடவை பெருகியதும் தாங்கள் தசை என்பதையே மறந்துவிடும். இழுக்காது. அதனால் ஆரம்பத்திலேயே கொஞ்சத்தை உறைய வைத்திருந்தோம். அதிலும் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். புதிதாக எடுக்கலாம் என்றால், இன்னொரு தடவை இவனுக்குக் குழாய் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசிக் குப்பியை வைத்துக் கடைசிச் சோதனை. எசென்குல் வருகிற நாளுக்குத் தோதாகத் தட்டைத் தயார் பண்ணுகிறேன் என்று ஐஜார்கின் தானாகவே சொன்னாள்.

மந்தை இறங்கிவிட்டது, வருகிறேன் என்று அவர் எனக்குத்தான் தகவல் சொன்னார். கல்முர்ஸா கடைக்குப் போய் இன்னொரு நாற்காலி வாங்கி வந்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த வீட்டுக்கு அது இரண்டாவது நாற்காலி.

"வந்ததும் அவரைக் குளிக்கச் சொல்லு, கோட்டை வெளியில கழட்டச் சொல்லு" என்றேன். "கட்டிப்பிடிக்க விடாதே. கோட்டெல்லாம் குதிரை மயிராத்தான் இருக்கும்."

"அக்கா, அவர் கட்டிப்பிடிச்சார்னா நான் தள்ளி விடுவேன்னு நினைக்கறீங்களா?"

நாற்காலி இன்னும் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. உறையைக் கழற்றினால் அண்ணன் வரும்முன் தூசி படியும் என்று அப்படியே வைத்திருந்தான்.

அந்த வாரம்தான் ஊரில் கணப்பு மூட்ட ஆரம்பித்தார்கள். பிஷ்கெக்கில் நிலக்கரிப் புகை இறங்கினால் எதிர்வீடு தெரியாது. கல்முர்ஸா காலையில் வண்டி எடுத்தான். பாதி வழியில் ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, கதவுகளைத் திறந்துவிட்டான். எங்கள் ஊரில் டிராலி பஸ் நடுவழியில் நின்றால், கரண்ட் எடுக்கிற கொம்பு மேலே கம்பியிலிருந்து கழன்றுவிட்டது என்றுதான் அர்த்தம். டிரைவர் இறங்கிப் போய் மாட்டுவான், நேரமாகும். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கி நடந்துவிட்டார்கள். கொம்பு கழலவில்லை. ஒருத்தர்கூட முன்னால் போய் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் வந்து நின்ற வண்டியின் டிரைவர்தான் வந்து பார்த்தார். இன்ஹேலர் காலடியில் கிடந்ததாம்.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு வண்டி நிறைய ஆட்கள்!

டிப்போக்காரர்கள் தங்கமானவர்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கும் முற்றத்தில் கூடாரம் போட ஏற்பாடு பண்ணினார்கள். லாரியிலிருந்து கம்பளிச் சுருள்களை இறக்கினார்கள். சாம்பல் நிறத்தில், கனமாக, ஆட்டு ரோம வாசனையோடு. என்னையறியாமல், "ஐயோ, அது அவனுக்கு ஆகாது!" என்று கத்திவிட்டேன்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த வயதான டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். "இனிமே ஆகும், அக்கா" என்றார்.

வாழ்நாளெல்லாம் எட்ட நின்ற கூடாரத்துக்குள் கல்முர்ஸாவைக் கிடத்தினோம். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, மகள் இல்லை. நானும், டிப்போவில் டிக்கெட் கொடுக்கிற இரண்டு பெண்களும் உட்கார்ந்தோம். எனக்குப் பாட வராது. வந்ததைப் பாடினேன். வெளியே டிரைவர்கள் கோலூன்றி நின்றார்கள். ரத்த உறவு யாருமில்லை. எல்லாரும் தெருமுனையையே பார்த்தார்கள். அண்ணன் வருகிறார், வளைவிலிருந்தே குரல் கேட்கும் என்று காத்திருந்தார்கள்.

கார் வந்து நின்றது. குரல் கேட்கவில்லை. எசென்குல் இறங்கினார். அகன்ற மார்பு, காற்றில் அடிபட்ட முகம், ஆட்டுத்தோல் கோட்டு. யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். யாரோ நீட்டிய கச்சையைக் கட்டிக்கொண்டார், கோலை வாங்கிக்கொண்டார், கூடாரத்துச் சுவரோரம் நின்றார். வாய் திறந்தது, மூடியது. ஒரு சத்தம் வரவில்லை. கூட்டம் கூட்டமாக ஆட்கள் கதறிக்கொண்டு வந்தார்கள். அவர் கோலைப் பிடித்தபடி கல்லாக நின்றார். "அண்ணனும் தம்பியும் ஒரே வார்ப்புதான் போல" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். மண் போடும்போதும் அவர் அழவில்லை.

மறுநாள் காலையில் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் நின்றார்.

"நீங்கதான் போன்ல கத்தினவங்களா?"

"நான்தான்."

"காட்டுங்க" என்றார். "அவன் காட்டணும்னு சொன்னதை."

கோட்டைக் கழற்ற வைத்தேன். முழங்கை வரை கழுவ வைத்தேன். மேலங்கி, கையுறை, மாஸ்க் எல்லாம் போட வைத்தேன். மறுபேச்சுப் பேசாமல் செய்தார். ஐஜார்கின் இல்லை. சோதனைக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி, அதன் பிறகு கடைசிப் படம் எடுத்தால் முடிந்தது, அதுவரை தட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கல்முர்ஸாவின் உடம்பில் உலகத்தில் உயிரோடு மிஞ்சியிருந்தது அந்தத் தட்டு மட்டும்தான்.

வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். வெளியே வந்ததும் மூடியில் ஆவி படர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

மூடியை எடுத்தேன். "பேசாதீங்க. தள்ளி நின்னு பாருங்க."

மூன்று குழிகள். இரண்டில் ஜெல், பொத்தான் அளவுக்குச் சுருண்டு கிடந்தது. மூன்றாவதில் அகலமாக, வெள்ளையாக விரிந்திருந்தது.

"இதுல எது அவன்?" என்றார், மெல்ல.

"மூணும் அவன்தான். சுருங்கிக் கிடக்கே, அதுதான் அவன் நெஞ்சு. உங்க அப்பாவோட கூடாரத்துப் பக்கத்துல நின்னப்ப உள்ள அப்படித்தான் இருந்திருக்கும். விரிஞ்சு கிடக்கறது, அவனுக்குக் குறைவா இருந்ததை நாங்க குடுத்துப் பாத்தது."

"குதிரை எதுவும் பக்கத்துல இல்லையே? புகைகூட இல்ல. யாரும் ஒண்ணும் செய்யலையே. அப்புறமும் ஏன் இப்படிப் பிடிக்குது?"

"போதும்னு சொல்ல உள்ள ஆள் இல்ல. அவ்வளவுதான்."

வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு அவன் அழுதுக்கிட்டுத்தான் இருந்திருக்கான்" என்றார். "சத்தந்தான் வெளிய வரல."

"ஆமா."

"நேத்து எனக்கும் வரல. அவனைச் சொன்ன வாய். எந்த வாயால அழறது?"

மாஸ்க்கைக் கீழே இழுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூடி என் கையில்தான் இருந்தது. "முடியலடா உன்னால! முடியலன்னு தெரியாமப் போச்சேடா!" என்று ஆரம்பித்தார். "என் தம்பியே! என் கூடப்பொறந்தவனே! என் குட்டி விசிலே! கட்டிப்பிடிக்க வந்தேனே, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா!" மலைக்கு மலை கேட்கிற குரல் அது. கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்து கதவருகில் நின்றார்கள். அவர் மேஜையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, தட்டின் மேல் குனிந்து, கண்ணீரும் எச்சிலும் தெறிக்க, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து, அப்பாவுக்குக் கல்முர்ஸா அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் மூடியைப் போடவில்லை.

இரண்டு நாளில் தட்டு கலங்கிவிட்டது. மூன்று குழியும் மோர் மாதிரி ஆகிவிட்டது. ஐஜார்கின் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"சபிராக்கா, யாரு இது மேல வாயைத் திறந்தது?"

"அவனோட அண்ணன்" என்றேன்.